உண்மை பேச ஒரு படிவம்

வேட்பாளர் தன்னைப் பற்றிய விவரங்களைச் சொல்லியாக வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. சொல்வது பொய்யாக இருந்தால்?

தேர்தல் காலத்தில் கலெக்டர் அலுவலகப் பக்கம் போகிறவர்கள் அந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்திருக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் நோட்டரி முத்திரையுமாகத் தொங்கும் தாள்கள். 26ஆம் எண் படிவத்தில் வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரங்கள் அவை. நிலுவையிலுள்ள கிரிமினல் வழக்குகள், குடும்பத்தின் நிலம், நகை, வங்கி இருப்பு, கடன், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, படிப்பு எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். எழுதியது அனைத்தும் உண்மை, எதையும் மறைக்கவில்லை என்ற உறுதிமொழியுடன் முடியும்.

நேர்மையைப் பற்றி மேடையில் பேசாத தலைவர் இல்லை. மேடையில் சொன்ன பொய்க்குப் பெரும்பாலும் கைதட்டல்தான் கிடைக்கும். பொய் சொன்னால் சிறைக்குப் போக நேரலாம் என்ற நிபந்தனையோடு வேட்பாளர் வாக்காளரிடம் பேசும் இடம் இந்தப் படிவம்தான். அதனாலேயே இது சுலபத்தில் வந்துவிடவில்லை.

அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம், 1999இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. 2000இல் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. 2002 மே 2ஆம் தேதி உச்ச நீதிமன்றமும், வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று சொல்லிவிட்டது. தேர்தல் கமிஷன் உடனே படிவத்தைத் தயாரித்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத கட்சிகள் இதில் ஒன்று சேர்ந்தன. அந்த ஜூலையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் கமிஷனின் உத்தரவை எதிர்த்தது. ஆகஸ்டில் வாஜ்பாய் அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. எந்தத் தீர்ப்பு என்ன சொல்லியிருந்தாலும், சட்டம் கேட்பதற்கு மேல் வேட்பாளர் எதையும் சொல்லத் தேவையில்லை என்பது அதன் சாரம். பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை மாற்றமின்றி மறுபடி அனுப்பியது. அரசியல் சட்டப்படி அவர் கையெழுத்திட வேண்டியதாயிற்று. பிறகு நாடாளுமன்றம் அதையே சட்டமாக்கியது. 2003 மார்ச் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்த பிறகுதான் படிவம் நிலைத்தது.

அந்தப் படிவம் இல்லையென்றால் நாட்டுக்குத் தெரியாமலே போயிருக்கக்கூடிய கணக்கு இது: 2004இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் தங்கள் மீது கிரிமினல் வழக்கு இருப்பதாக எழுதிக் கொடுத்தவர்கள் 125 பேர். 2024இல் 251 பேர். அதாவது 543இல் ஏறக்குறைய பாதி. வழக்கு இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். மறியலில் கைதானவர் மீதும் வழக்கு உண்டு. கொலை முயற்சியில் சிக்கியவர் மீதும் உண்டு. அந்த வித்தியாசத்தை வாக்காளரே படித்துத் தெரிந்துகொள்ளத்தான் படிவம். ஆனால் படிவத்தில் உண்மை இருந்தால்தானே படித்துப் பயன்?

மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் நடந்ததைப் பாருங்கள். 2006 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்ற ஒருவர், தம் மீது ஒரு வழக்கு இருப்பதாக எழுதிக் கொடுத்தார். கூட்டுறவுச் சங்கப் பணத்தைக் கையாடியதாகத் தாக்கலான எட்டுக் குற்றப்பத்திரிகைகளைச் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டார். கோவை மாவட்ட நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தின் முடிவு 2015 பிப்ரவரி 5ஆம் தேதி வந்தது. வழக்கை மறைப்பது வாக்காளரின் சுதந்திரமான தேர்வில் குறுக்கிடும் ஊழல் செயல் என்று நீதிபதிகள் சொன்னார்கள். நாடு முழுவதற்கும் வழிகாட்டும் தீர்ப்பு. ஆனால் அந்த ஊராட்சியின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2011லேயே முடிந்திருந்தது.

சட்டத்தின் பலவீனம் தாமதத்தோடு நிற்கவில்லை. படிவத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால், மனுவைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே இடத்தில் பொய்யை எழுதினால்? அது பொய்தானா என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மனுவைப் பரிசீலிக்கும் தேர்தல் அதிகாரிக்கு இல்லை. சும்மா இருந்தவர் வெளியே. பொய் சொன்னவர் களத்திலே. பொய்க்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் உள்ள தண்டனை அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராதம் மட்டும் கட்டிவிட்டு வீட்டுக்குப் போக இடமிருக்கிறது. இதைக் குறைந்தபட்சம் இரண்டாண்டுச் சிறையாக்க வேண்டும், தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்கும் தகுதியை இழக்க வேண்டும் என்று சட்ட கமிஷன் 2014இல் சிபாரிசு செய்தது. அது சிபாரிசாகவே இருக்கிறது.

நேர்மையான தலைவரைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் பொய் சொன்னவரை அவர் பதவியில் இருக்கும்போதே வெளியேற்ற முடியும். அதற்கு வேண்டிய திருத்தம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துச் சபைக்குள் போனவர்களே.

வாக்காளருக்கும் ஒரு வேலை இருக்கிறது. மறுபடி போட்டியிடும் உறுப்பினரின் பழைய பத்திரமும் புதியதும் தேர்தல் கமிஷனின் இணையதளத்தில் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க அரை மணி நேரம் போதும். எந்த நிலம் புதிதாக வந்தது, எந்த வழக்கு காணாமல் போனது என்பது தெரியும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் வாசலிலேயே அதைக் கேட்கலாம்.