'சம்பளம் எவ்வளவு? கல்யாணம் ஆச்சா?' - நம்ம ஊரில் சகஜம்... வெளிநாட்டில் ஏன் சங்கடம்? எதைக் கேட்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் நாமக்கல் பஸ் ஏறுகிறீர்கள். பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். பஸ் மல்லூர் தாண்டுவதற்குள் "எந்த ஊருங்க தம்பி?" என்று ஆரம்பிப்பார். ஆண்டகளூர் கேட் வருவதற்குள் உங்கள் படிப்பு, வேலை, சம்பளம், கல்யாணம், குழந்தை என எல்லாமே அவருக்குத் தெரிந்திருக்கும். நாமக்கல்லில் இறங்கும்போது, "நம்ம மச்சான் பையனும் அந்த லைன்லதான் இருக்கான், நம்பர் வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

இதே கேள்விகளை லண்டன் ரயிலில் பக்கத்தில் இருப்பவரிடமோ, அமெரிக்க அலுவலகத்தில் புதிதாக அறிமுகமானவரிடமோ கேட்டால்? பேச்சு அங்கேயே நின்றுவிடலாம். வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணலில் கேட்டால், புகார் வரைக்கும்கூடப் போகலாம்.

வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு விசா, டிக்கெட், பருப்புப்பொடி வரைக்கும் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறோம். ஆனால் 'அங்கே என்ன கேட்கலாம், என்ன கேட்கக்கூடாது' என்பதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நாம் ஏன் இவ்வளவு கேட்கிறோம்?

முதல் காரணம், நம் மொழி. தமிழில் ஒருவரிடம் பேச ஆரம்பிக்கவே அவர் அண்ணனா, தம்பியா, அக்காவா, அம்மாவா என்று முடிவு செய்தாக வேண்டும். 'நீ' சொல்வதா, 'நீங்க' சொல்வதா என்பதும் அதைப் பொறுத்ததுதான். வயது தெரியாமல் முறை வைத்துக் கூப்பிட முடியாது.

இரண்டாவது, பிழைப்பு. லாரி பாடி கட்டுவது, கோழிப்பண்ணை, ஜவ்வரிசி ஆலை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, திருச்செங்கோட்டு ரிக் வண்டி என்று சேலம் - நாமக்கல் பகுதியின் தொழில்கள் பலவும் அறிமுகத்தை நம்பி நடப்பவை. யார், எந்த ஊர், யாருக்குச் சொந்தம் என்று தெரிந்தால்தான் கடனுக்குச் சரக்கு கிடைக்கும், வண்டிக்கு ஆள் கிடைக்கும். நாலு கேள்வி கேட்பதுதான் இங்கே விசாரணை, அதுவே சிபாரிசும்கூட.

மூன்றாவது, அக்கறை. "என்ன கண்ணு, இளைச்சுட்டே?" என்று கேட்கும் பெரியம்மாவுக்கு உங்கள் உடம்பைக் கிண்டல் செய்யும் எண்ணம் கிடையாது. சாப்பாடு போடுவதற்கு அவர் கண்டுபிடிக்கும் வழி அது.

அப்படியென்றால் வெளிநாட்டவர்கள் அக்கறை இல்லாதவர்களா?

இல்லை. அக்கறையைக் காட்டும் விதம்தான் வேறு. நம் ஊரில் "சாப்டாச்சா?" என்று கேட்டால், மெனுவை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பதில்லை, அது ஒரு வணக்கம். சீனாவிலும் இதே மாதிரி 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டு நலம் விசாரிக்கும் வழக்கம் உண்டு.

அமெரிக்கர் "ஹவ் ஆர் யூ?" என்று கேட்பதும் அப்படித்தான். அவர் கேட்டதும் முதுகுவலியில் ஆரம்பித்து மொத்தக் கதையையும் சொன்னால் அவர் திகைத்துப் போவார். "நல்லா இருக்கேன், நீங்க?" என்ற ஒரு வரி போதும். பிரிட்டனில் அறிமுகமில்லாதவர்கள் மழை, வெயிலைப் பற்றிப் பேசுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. 'உங்களோடு பேச விருப்பம், ஆனால் உங்கள் சொந்த விஷயத்துக்குள் வரமாட்டேன்' என்பதுதான் அதன் பொருள்.

அங்கே சொந்த விஷயத்தை அவரவரே முன்வந்து சொல்ல வேண்டும். நாம் கேட்டு வாங்குவதில்லை. மொத்த வித்தியாசமும் இதற்குள் அடங்கிவிடும்.

'எந்த ஊர்?' என்று கேட்டதால் பதவி போன கதை

"எந்த ஊருங்க?" என்பதில் என்ன தப்பு இருக்க முடியும் என்று தோன்றலாம். 2022 நவம்பர் 29-ம் தேதி லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஒரு விருந்து நடந்தது. குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்ட கறுப்பினப் பெண்களுக்கு உதவும் அமைப்பை அப்போது நடத்திவந்த எங்கோஸி ஃபுலானி அதற்கு வந்திருந்தார். ராணி எலிசபெத்துக்குப் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்த சூசன் ஹஸ்ஸி, அவர் எங்கிருந்து வருகிறார் என்று கேட்டார். ஃபுலானி லண்டனில் உள்ள தன் அமைப்பைச் சொன்னார், தான் பிரிட்டனிலேயே பிறந்தவர் என்றும் சொன்னார். ஆனாலும் 'உண்மையில் எந்த நாடு' என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்தது.

ஃபுலானி இதை வெளியே சொன்னதும் பெரிய சர்ச்சையானது. மறுநாளே ஹஸ்ஸி தன் கௌரவப் பொறுப்பில் இருந்து விலகினார். அடுத்த மாதம் ஃபுலானியை நேரில் சந்தித்து மன்னிப்பும் கேட்டார்.

மல்லூர் பஸ்ஸில் 'எந்த ஊர்' என்பது 'நமக்குள் ஏதாவது ஒட்டு இருக்கிறதா' என்று தேடுவது. தோல் நிறத்தைப் பார்த்து ஒருவரிடம் திரும்பத் திரும்பக் கேட்கும்போது அதே கேள்வி, 'நீ இந்த ஊர் ஆளே இல்லை' என்று சொல்வதாகிவிடுகிறது.

வேலையிடத்தில் சட்டமே இருக்கிறது

வெளியில் இது மரியாதை சம்பந்தப்பட்டது. அலுவலகத்துக்குள் வந்துவிட்டால், அதற்குப் பின்னால் சட்டம் நிற்கிறது.

அமெரிக்காவில் 1964-ம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டம் இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு ஆகியவற்றை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 40 வயதைக் கடந்தவர்களுக்கான பாதுகாப்பு 1967-லும், கர்ப்பிணிகளுக்கான பாதுகாப்பு 1978-லும் வந்தன. அதனால்தான் நேர்காணலில் 'கல்யாணம் ஆச்சா, குழந்தை எப்போ' என்று அங்கே கேட்பதில்லை. கேட்டுவிட்டு வேலை தராவிட்டால், அந்தக் கேள்வியே பாகுபாட்டுக்கு ஆதாரமாகிவிடலாம்.

பிரிட்டனில் 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டம், வயது, உடல் ஊனம், திருமணம், கர்ப்பம், மதம் உட்பட 9 அம்சங்களைப் பாதுகாக்கிறது. சில விதிவிலக்குகள் தவிர, வேலை உறுதியாகும் முன் உடல்நலம் பற்றிக் கேட்கவும் கூடாது.

ஜெர்மனியில் நேர்காணலின்போது கர்ப்பமா என்று கேட்டால், அந்தப் பெண் உண்மையைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மாற்றிச் சொன்னாலும் அதைக் காரணம் காட்டி வேலையை ரத்து செய்ய முடியாது.

இந்தச் சட்டங்கள் சும்மா வரவில்லை. 'கல்யாணம் ஆச்சா' என்று கேட்டு, ஆகியிருந்தால் பெண்ணுக்கு வேலை தராமல் அனுப்பிய காலம் அந்த நாடுகளிலும் இருந்தது. வெளிநாட்டு டீமுக்காக வீட்டிலிருந்தே வேலை பார்த்து, வீடியோ காலில் ஆள் எடுப்பவர்களும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சம்பளம் கேட்டால் என்ன ஆகும்?

பழகாதவரிடம் சம்பளம் கேட்பது அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் அநாகரிகமாகப் பார்க்கப்படுகிறது. கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி முதல், வேலை கேட்டு வருபவரிடம் அவரது பழைய சம்பளத்தை நிறுவனமே கேட்கக்கூடாது. முன்பு குறைவாக வாங்கிய பெண்களுக்குப் புது வேலையிலும் குறைவாகவே கொடுப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆனால் எல்லா நாட்டிலும் சம்பளம் ரகசியம் கிடையாது. நார்வேயில் யார் எவ்வளவு வருமானம் காட்டி எவ்வளவு வரி கட்டினார்கள் என்பதை மற்றவர்கள் பார்க்க முடியும். 2014 முதல் ஒரு மாற்றம்: உங்கள் விவரத்தை யார் பார்த்தார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்!

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் தனியார் ஊழியர்களில் பெரும்பாலானவர்கள் தங்களுக்குள் சம்பளம் பற்றிப் பேசிக்கொள்ள 1935-ம் ஆண்டிலிருந்தே சட்டப் பாதுகாப்பு உண்டு. 'சம்பளம் பேசவே கூடாது' என்று பயப்பட வேண்டாம். முதலில் கொஞ்சம் பழகுங்கள். உங்கள் தரப்பைச் சொல்லுங்கள். அவர் விரும்பினால் சொல்லட்டும்.

நாட்டுக்கு நாடு மாறும்

* வளைகுடா நாடுகள்: குடும்ப நலம் விசாரிப்பது அங்கே மரியாதை. ஆனால் ஓர் ஆணிடம் அவர் மனைவியைப் பற்றித் தனியாகக் கேட்பது பலருக்குப் பிடிக்காது. "வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?" என்று பொதுவாகக் கேளுங்கள்.

* தென் கொரியா: அங்கே வயது கேட்பது சகஜம். நம்மைப் போலவே வயதைப் பொறுத்துத்தான் மரியாதைச் சொற்கள் மாறும்.

* ஜெர்மனி: அங்கும் 'நீ', 'நீங்கள்' உண்டு. புதியவர்களிடம் 'நீங்கள்' என்றே ஆரம்பியுங்கள். 'நீ' சொல்லலாம் என்று பெரியவரோ மேலதிகாரியோ சொல்லட்டும்.

* அமெரிக்கா: மேலதிகாரியையே பெயர் சொல்லி அழைப்பார்கள். 'சார்' போடாவிட்டால் மரியாதைக் குறைவு என்று அர்த்தமில்லை.

நம் ஊர்க் கேள்விகள் எல்லாமே பாசம்தானா?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்டு பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' நாவல் 2010-ல் வெளியானது. குழந்தை இல்லாத காளி - பொன்னா தம்பதியை ஊரும் உறவும் பேசிப் பேசியே நோகடிப்பதுதான் அந்தக் கதையின் வலி. "விசேஷம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்று இன்றைக்கும் கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டே கேட்கிறோம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கேள்வி எப்படி இருக்கும்?

அடுத்தது சாதி. "நீங்க எந்த ஆளுங்க?", "எந்தக் கூட்டம்?" என்று கொங்குப் பகுதியில் கேட்பது புதிதல்ல. பெண் எடுக்கலாமா கூடாதா என்று பார்க்கும் இடத்தில் பிறந்த கேள்வி அது. ஆனால் வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் கேட்கும்போது, அது ஆளைத் தள்ளி நிறுத்தும் கேள்வி. வெளிநாட்டில் நம்மவர்கள் கூடும் இடங்களில் அப்பா பெயர், சொந்த ஊர், சைவமா அசைவமா என்று சுற்றி வளைத்து இதையே கேட்பதும் உண்டு. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அந்த நாட்டிலேயே இப்படிச் செய்த முதல் நகரம் அதுதான்.

ஆக, பஸ்ஸில் கேட்டவர் நம்பர் கொடுத்து உதவினார். வீடு வாடகைக்கு விடுபவர் அதே கேள்வியைக் கேட்டுக் கதவைச் சாத்தலாம். அந்தப் பதிலை வைத்து நாம் என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் முக்கியம்.

சரி, என்ன செய்யலாம்?

* திறந்த கேள்வி கேளுங்கள். 'கல்யாணம் ஆச்சா?' என்பதற்குப் பதில் "வார இறுதி எப்படிப் போச்சு?" என்று கேட்டால், குடும்பத்தைப் பற்றிச் சொல்ல விரும்புபவர் அவரே சொல்வார்.

* முதலில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லத் தயங்கும் விஷயத்தை அவரிடம் கேட்காதீர்கள்.

* உடம்பு, நிறம், எடை பற்றிப் பாராட்டாகக்கூடப் பேச வேண்டாம். குழந்தை அழகாக இருந்தாலும் பெற்றோரைக் கேட்காமல் தூக்கவோ படம் எடுக்கவோ வேண்டாம்.

* ஒரு வார்த்தையில் பதில் வந்தால், அதுதான் சிக்னல். பேச்சை மாற்றுங்கள்.

* தவறிக் கேட்டுவிட்டால் நீண்ட விளக்கம் தேவையில்லை. "மன்னிக்கணும், எங்க ஊர்ல இப்படிக் கேட்பது பழக்கம்" என்றால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். பார்க்கில் எதிர்ப்படுபவரிடம் சிரிக்கலாம், வணக்கம் சொல்லலாம், நாயைப் பற்றி விசாரிக்கலாம். வீட்டுக் கணக்கு மட்டும் வேண்டாம்.

விடுமுறைக்கு ஊர் திரும்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளம் கேட்ட சித்தப்பாவிடம் "அதெல்லாம் பர்சனல்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னால் மனசு ஒடிந்துபோவார். "செலவு போகக் கையில நிக்குதுங்க சித்தப்பா" என்றால் போதும். 'எப்போ விசேஷம்?' என்பதற்கு "நடக்கறப்போ மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவோம்" என்றால், உறவும் போகாது, விஷயமும் வெளியே போகாது.

கேட்ட சித்தப்பாவும் அத்தோடு விட்டுவிட்டால் நல்லது. பாசம் இருந்தால், சொல்ல வேண்டிய நேரத்தில் பிள்ளைகளே வந்து சொல்வார்கள்.