வீட்டுக்குள்ளே எட்டுக்கால் பூச்சி: அடிக்கணுமா, விடணுமா?



எட்டுக்கால் பூச்சி இல்லாத லயக் காம்பரா கிடையாது. கூரை மரத்திலே, அடுப்படி விறகுக்குப் பின்னாலே, தொங்கவிட்ட சட்டைக்குள்ளே என்று எங்கேயாவது ஒன்று இருக்கும். பார்த்த உடனே வெளக்குமாற்றை எடுக்கிறோம். மறுநாள் பிள்ளையின் கழுத்தில் கொப்புளம் கண்டால், "சிலந்தி மூத்திரம் பேஞ்சிருச்சு" என்று சொல்லி, மஞ்சளைப் பூசி விட்டுவிடுகிறோம். தமிழில் 'சிலந்தி' என்றால் பூச்சிக்கும் பெயர், புண்கட்டிக்கும் பெயர். அவ்வளவு பழைய பழி இது!

வஹகோட்டை, கலேவெல பக்கத்தில் இருக்கும் நமக்கு இந்தப் பழியால் ஒரு ஆபத்து உண்டு. சிலந்தி செய்யாத வேலையை அதன் தலையில் போட்டால், உண்மையில் கடித்தது எது என்று தேடாமல் இருந்துவிடுவோம். அதனால் முதலில் பூச்சியை அடையாளம் தெரிந்துகொள்வோம்.

வீட்டில் காணும் சிலந்திகள்

1. பெரிய சுவர்ச் சிலந்தி: தட்டையான, மண் நிற உடம்பு. காலை விரித்தால் உள்ளங்கை அளவு இருக்கும். வலை கட்டாது. இரவில் சுவரில் விறுவிறுவென்று ஓடும். வயிற்றுக்குக் கீழே வெள்ளை வட்டப் பை இருந்தால் அது முட்டைப் பை. பார்க்கப் பயமாக இருந்தாலும் இது தேடுவது கரப்பானைத்தான். கையால் பிடித்து நசுக்கினால் கடிக்கும். கொஞ்ச நேரம் வலிக்கும், அவ்வளவுதான்.

2. நீளக்கால் சிலந்தி: நூல் மாதிரிக் காலோடு மூலையில் தொங்கும். தொட்டால் வலையை ஆட்டும். நமக்கு ஒரு கெடுதியும் இல்லை. ஒட்டடைதான் தொல்லை.

3. ஈப்புலி: குட்டைக் கால், முன்னால் பெரிய கண்கள். பாய்ந்து பாய்ந்து ஈயையும் கொசுவையும் பிடிக்கும். இதை அடிக்கிறவன் தன் வீட்டுக் காவல்காரனையே அடிக்கிறான்.

4. சிறுத்தைச் சிலந்தி: சிங்களத்தில் 'திவி மக்குளுவா' என்பார்கள். உடம்பெல்லாம் ரோமம். சாம்பல் நிறத்தில் கோலம் போட்டது போல இருக்கும். முன்காலின் அடிப்பக்கம் மஞ்சள் தெரியும். மரப்பொந்தில் வாழும் இது, பெரிய மரங்கள் குறையக் குறையப் பழைய கட்டடங்களுக்குள் வருகிறது. 2009இல் மாங்குளத்தில் முதன்முதலாகக் கிடைத்த ஒரு வகையும் இப்படிப் பழைய கட்டடத்துக்குள் காணப்பட்டதுதான். கவனமாக இருக்க வேண்டியது இதனிடம் மட்டுமே. கடித்தால் கடும் வலி, வீக்கம், அதன்பின் தசைப்பிடிப்பு வரலாம். உயிர் போனதாகப் பதிவு இல்லை. ஆனாலும் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிலந்தி மேல் விழும் மூன்று பழிகள்

முதல் பழி, கோடு போட்ட கொப்புளம். காலையில் கழுத்திலோ முகத்திலோ தீப்பட்டது போல எரிச்சலோடு கோடாக இருக்கும். இதைச் செய்வது எறும்பு போன்ற ஒரு சின்ன வண்டு. கறுப்பும் செம்மஞ்சளும் மாறிமாறி இருக்கும், ஒரு சென்ரிமீற்றருக்குள்தான் நீளம். விளக்கு வெளிச்சத்துக்கு வரும். கடிக்காது, மேலே ஊரும்போது நாம் நசுக்கினால் அதன் உடம்புச் சாறு தோலைப் பொசுக்கிவிடும். நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். பட்ட இடத்தை உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

இரண்டாவது பழி, ஆறாத புண். சின்னப் பரு மாதிரித் தொடங்கி, வலியும் அரிப்பும் இல்லாமல், வாரக்கணக்காக ஆறாமல் இருந்தால் அது லீஷ்மேனியாசிஸ் நோயாக இருக்கலாம். கொசுவை விடச் சிறிய மணல் ஈ கடித்துப் பரவுவது. இலங்கையிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் கண்டறியப்பட்டார். 2008 முதல் இது அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். நம் மாத்தளை மாவட்டத்திலும் இருக்கிறது. மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். "வலிக்கலையே" என்று இருந்துவிடாதீர்கள். வலிக்காததுதான் இதன் அடையாளம்.

மூன்றாவது பழிதான் உயிரை எடுப்பது. இரவில் பாயில் படுத்திருக்கும்போது ஏதோ சுருக்கென்றது, எழுந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. "எட்டுக்கால் பூச்சியா இருக்கும், தூங்கு" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் கட்டுவிரியன் பாம்பு (சிங்களத்தில் கரவலா) கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. பல் பட்ட தடம் கூடத் தெரியாமல் போகலாம். பிறகு வயிற்றுவலி, கண் இமை தொங்குதல், விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் வரும். இரவில் கடித்தது எது என்று தெரியாவிட்டால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, மந்திரிப்பவரிடம் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

• வாரம் ஒருமுறை ஒட்டடை அடியுங்கள். விறகு, சாக்கு, பழைய தகரம் எல்லாவற்றையும் காம்பராவுக்கு வெளியே அடுக்குங்கள்.

• சட்டை, கம்பளி, சப்பாத்து எதையும் உதறிவிட்டுப் பாவியுங்கள்.

• பாயைத் தரையில் போடாமல் கட்டிலில் போடுங்கள். முடியாதவர்கள் நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள்.

• சிலந்தியை வெளியேற்ற அகலமான போத்தல் ஒன்றைக் கவிழ்த்து, அடியில் காலண்டர் அட்டையைச் செருகி, எடுத்துப் போய் வெளியே விடுங்கள். சிறுத்தைச் சிலந்தி என்றால் கிட்டே போகாமல் நீளமான வெளக்குமாற்றால் வெளியே தள்ளுங்கள்.

• சிலந்தி கடித்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். கீறவோ, இறுக்கிக் கட்டவோ, வாயால் உறிஞ்சவோ கூடாது.

• தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் அடிக்கவே கூடாது. சிலந்தி சாவதற்கு முன்னால் அந்த மருந்து சோற்றுப் பானையிலும் பிள்ளை படுக்கும் பாயிலும் விழும். எந்தச் சிலந்தியை விடவும் அந்தப் போத்தல்தான் காம்பராவில் பெரிய விஷம்.

சிலந்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆறாத புண்ணையும், இரவில் காரணம் தெரியாமல் பட்ட கடியையும் கண்டு பயப்படுங்கள். அன்றைக்கே தோட்ட டிஸ்பென்சரியிலோ ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இதை அவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள்.