தொட்டியில் நிற்கும் திராட்சை

மாமரத்தை மனிதன் தொடாமல் விட்டுவிட்டாலும் அது மாமரமாகவே நிற்கும். புளியமரம் யாருடைய உதவியுமின்றித் தன் கிளைகளைக் கவிகையாக விரித்துக்கொள்ளும். திராட்சைக்கு அப்படித் தனக்கென்று ஓர் உருவம் கிடையாது. கொம்பு கிடைத்தால் அதைப் பற்றிக்கொண்டும், கிடைக்காவிட்டால் தரையில் ஊர்ந்தும், வெளிச்சம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையை நோக்கி ஓடிக்கொண்டே இருப்பதுதான் அதன் சுபாவம். அடித்தண்டு தடித்து, நிமிர்ந்து, பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு மரம்போல நிற்பதெல்லாம் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் கையிலிருக்கும் கவாத்துக் கத்தி அதற்கு அருளிய லட்சணங்களே. ஆகையால், ஒரு திராட்சைக் கொடியைச் சிறு தொட்டியில் அமைத்து, ஒரு முழ உயரத்துக்குள் முதிர்ந்த விருட்சத்தின் கம்பீரத்தை அதற்கு உண்டாக்கும் போன்சாய்க் கலையை இயற்கைக்கு விரோதமான வித்தை என்று ஒதுக்க நியாயமில்லை. தோட்டக்காரர்கள் தொன்றுதொட்டுச் செய்துவரும் காரியத்தையே அது இன்னும் நுட்பமாகச் செய்கிறது.

இதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. லண்டனுக்கு அருகே தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், 1768-ஆம் ஆண்டில், கேப்பபிலிட்டி பிரௌன் என்று பெயர்பெற்ற உத்தியான நிபுணர் நட்ட ஒரே ஒரு கொடி, 30 மீட்டருக்கு மேல் கைகளை நீட்டி, ஒரு கண்ணாடி மாளிகை முழுவதையும் நிறைத்துக்கொண்டு, இன்றும் ஆண்டு தவறாமல் பழுக்கிறது. சிசிலிக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் நடுவே, ஓயாத கடற்காற்றில் கிடக்கும் பாந்தெல்லேரியா என்ற சிறு தீவிலோ, விவசாயிகள் நிலத்தில் குழிவு செய்து அதில் கொடியை நட்டு, அடித்தண்டைக் குறுகத் தறித்து, ஆறு கிளைகள் சுற்றிலும் சமமாக விரியும்படி அதைக் குட்டைச் செடியாகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்து வருகிறார்கள். அந்தப் பயிர்முறையை 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அரண்மனையில் இருப்பது ஸ்கியாவா கிரோசா என்னும் கறுப்பு ஹாம்பர்க் ரகம். தீவில் இருப்பது மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா ரகம். இவ்விரண்டின் சேர்க்கையில் பிறந்த சந்ததிதான் மஸ்கட் ஹாம்பர்க்; அதையே நாம் பன்னீர் திராட்சை என்று அழைக்கிறோம். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து 2023-இல் புவிசார் குறியீடும் பெற்ற அந்தக் கருநீலப் பழத்தின் கொடி, மாளிகையை நிறைத்த குலத்தையும் குழிக்குள் அடங்கிய குலத்தையும் ஒருங்கே சேர்ந்தது. அது எவ்வளவு வளரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வளர்ப்பவர் கைதான்.

சிறு பாத்திரத்தில் மரம் வளர்க்கும் கலை சீனத்தில் பிறந்தது. கி.பி. 706-இல் அமைந்த இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறைச் சுவரில், சிறு செடிகளும் கற்களும் அமைந்த தட்டை ஏவலாள் ஒருவர் ஏந்தி நிற்கும் சித்திரம் இன்றும் இருக்கிறது. பின்பு அக்கலை ஜப்பானுக்குச் சென்று, அங்கே செம்மைப்பட்டு, உலகெங்கும் பரவியது. சீனத்தின் தென்பகுதியான குவாங்தொங் பிரதேசத்தில் வளர்ந்த லிங்னான் மரபில், கிளைகளைக் கம்பி சுற்றி வளைப்பதைக் காட்டிலும், வளரவிட்டு வெட்டி, மறுபடி வளரவிட்டு வெட்டி, வெட்டுக்கு வெட்டு திசை மாற்றி உருவம் சமைப்பதே பிரதானம். திராட்சைக்கு ஏற்றது இந்த மார்க்கமே. அதன் இளந்தளிர் கணுவில் சட்டென்று முறியும். முதிர்ந்த கட்டையோ வளைய மறுக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட பருவத்தில் மட்டுமே கம்பிக்குச் சிறிது இணங்கும்.

இலையும் கனியும் அடித்தண்டுக்குப் பொருந்திய அளவில் இருக்கவேண்டும் என்பது இக்கலையின் முதல் விதி. திராட்சை இலை, வேர் ஒடுங்குவதாலும் நல்ல வெயிலாலும் ஓரளவு சிறுக்கும். பழம் மட்டும் சிறுக்கவே சிறுக்காது. கனியைக் குறைக்க முடியாதபோது தண்டைப் பெருக்கித்தான் பொருத்தம் தேடவேண்டும். பென்சில் பருமனுள்ள குச்சியை ஊன்றினால் அது சுலபமாக வேர்விடும் என்றாலும், தொட்டிக்குள்ளேயே அது கைத்தடிப் பருமனாவதற்கு நெடுங்காலம் காத்திருக்க நேரும். வயதான தோட்டத்தைப் பிரித்துப் புதுக்கன்று வைக்கும் விவசாயியிடம், வெளியே எறியப்படவிருக்கும் அடிக்கட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வதே உத்தமம். முறுகித் திருகி, நார்நாராகப் பட்டை உரிந்து, பழைய வெட்டுக்காயங்கள் உள்வாங்கிக் குழிந்து கிடக்கும் அந்தக் கட்டையில் இருக்கும் முதுமையை எந்தச் சிற்பியின் உளியாலும் உண்டாக்க முடியாது. ஒட்டுக்கட்டிய கொடியாக இருந்தால், ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவை வேர்ச்செடியின் கிளைகள் என்பதை அறிந்து, அவற்றை உடனுக்குடன் களைந்துவிட வேண்டும்.

கட்டையைத் தோண்டும்போது தடித்த வேர்களை ஒரு சாண் நீளத்துக்குள் தறிக்கலாம். மெல்லிய வேர்களைக் கூடியவரை காப்பாற்ற வேண்டும். செம்மண், சலித்த பருமணல், நன்றாக மக்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சம பாகமாகக் கலந்து, நீர் தேங்காத ஆழமான தொட்டியில் நட்டு, துளிர்க்கும் வரையில் நிழலிலும் பின்பு முழு வெயிலிலும் வைக்கவேண்டும். கண்ணுக்குப் புலப்படும் மொட்டு ஒன்றுகூட இல்லாத கட்டையிலும், பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகள் எழுந்து வரும். முதலாண்டில் உருவத்தைப் பற்றி நினைக்கவே கூடாது. வேர் ஸ்திரப்படும் பொருட்டுக் கொடியை அதன் இஷ்டப்படி ஓடவிட வேண்டும். பிறகுதான் ஆழம் குறைந்த, அழகிய தொட்டிக்கு மாற்றுவது. அதுவும் மற்ற போன்சாய் மரங்களுக்குரிய தட்டையான பாத்திரம் ஆகாது, ஒரு சாண் ஆழமாவது வேண்டும்.

இனி, கவாத்து. தளிர் ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்தால் அதன் ஒழுங்கு விளங்கும். ஒவ்வொரு கணுவிலும் ஒருபுறம் இலை. அந்த இலையின் கக்கத்தில் மொட்டு. இலைக்கு நேர் எதிர்ப்புறத்தில் பற்றுக்கம்பி அல்லது பூங்கொத்து. இரண்டு கணுக்களில் தொடர்ந்து பற்றுக்கம்பி இருந்தால் மூன்றாவது கணு வெறுமையாக இருக்கும். மறுபடி இரண்டு, மறுபடி வெறுமை. அடுத்த பருவத்துத் தளிரும் பூங்கொத்தும் அந்த மொட்டுக்குள்ளேயே முன்கூட்டிக் கருக்கொண்டுவிடுகின்றன. ஆகையால் கிளையை அடியோடு வெட்டினால் உருவம் சீராகும், கனி போய்விடும். நீளமாக விட்டால் கனி வரும், உருவம் சிதறும். தாம்சன் சீட்லெஸ் என்னும் விதையில்லாத் திராட்சைக்கு அடிக்கணுக்கள் பெரும்பாலும் காய்ப்பதில்லை. எனவே அது குறுகிய தொட்டிக்கு இணங்காது. பன்னீரோ நான்கு கணு விட்டு வெட்டினாலே காய்க்கும் பெருந்தன்மை உடையது.

உருவத்துக்கும் கனிக்கும் உள்ள இந்த வழக்கைத் தீர்க்க மகாராஷ்டிரத்து நாசிக் பகுதி விவசாயிகளின் அநுபவம் வழிகாட்டுகிறது. அவர்கள் ஏப்ரலில் ஓரிரு கணுக்கள் மட்டும் விட்டுக் கொடியைத் தறித்துப் புதுக்கிளை வாங்குகிறார்கள். அக்டோபரில் அந்தக் கிளையைக் கனிக்காக வெட்டுகிறார்கள். வெட்டு இரண்டு, விளைச்சல் ஒன்று. தமிழ்நாட்டில் மார்கழி, தை மாதங்களில் கவாத்துச் செய்தால் சித்திரை, வைகாசியில் பழம் கிடைக்கும். வைகாசி, ஆனியில் செய்தால் ஆவணி வாக்கில் மற்றொரு பழம் கிடைக்கும். வயலில் இரண்டும் லாபம். தொட்டியிலோ கொடியின் ஜீவசக்தியை ஒரு விளைச்சலோடு நிறுத்துவதே தருமம். தை மாதத்து வெட்டில் நான்கு கணு விட்டுக் கனி பெறலாம். பழம் பறித்தபின் இரண்டு கணுவுக்குத் தறித்து உருவத்தை மீட்டுக்கொள்ளலாம். அந்த இரண்டாவது வெட்டுக்குப்பின் வரும் தளிர்களில்தான் மறு ஆண்டின் பூங்கொத்து கருவாவதால், அந்த மாதங்களில் ஒவ்வொரு கிளைமீதும் தாராளமாக வெயில் படவேண்டும். மொட்டை ஒட்டி வெட்டாமல் ஒரு விரற்கடை மேலே வெட்டுவது அவசியம். திராட்சைக் கட்டையில் காயம் மூடுவதில்லை, வெட்டிய இடத்திலிருந்து உள்நோக்கிக் காயும். வெட்டில் நீர் சொட்டினால் அஞ்ச வேண்டாம். வேர் விழித்துக்கொண்டு நீரை மேலே தள்ளுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

பூங்கொத்துகள் தோன்றியதும் மனத்தை அடக்க வேண்டிய தருணம் வருகிறது. ஒரு கிராம் பழம் இனிப்பேறுவதற்குச் சுமார் 10 சதுர சென்டிமீட்டர் இலைப்பரப்பு வெயிலில் உழைக்கவேண்டும். உள்ளங்கை அளவுள்ள இலை ஏறக்குறைய 100 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், 150 கிராம் கொத்து ஒன்றுக்கு 15 இலைகள் வேண்டும். சிறு தொட்டிக் கொடி ஒன்று தாங்கக்கூடியது ஒரு கொத்து, மிஞ்சினால் இரண்டு. மற்றவற்றைப் பிஞ்சிலேயே கிள்ளிவிட வேண்டும். ஆசைப்பட்டு விட்டுவைத்தால் அத்தனையும் புளித்து நிற்கும். கொடியும் அடுத்த ஆண்டுக்கு இளைத்துவிடும்.

பற்றுக்கம்பிகளையும் கிள்ளிவிடுவது வழக்கம். ஆனால் அவற்றின் பின்னே ஓர் ஆச்சரியம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், பினோ மெனியே என்னும் பழைய ரகத்தின் மேற்படலத்து உயிரணுக்களிலிருந்து மட்டும் ஒரு செடியை எழுப்பியபோது, அது பிறவியிலேயே குள்ளமாக வளர்ந்ததோடு, பற்றுக்கம்பி வரவேண்டிய இடமெல்லாம் பூங்கொத்தே விட்டது. வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்பரலின் என்ற சுரப்புக்குச் செவிசாய்க்காத மரபணு மாற்றமே அதற்குக் காரணம். பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையில் அமைந்ததும் அவ்வகை மாற்றமே. பற்றுக்கம்பியும் பூங்கொத்தும் பிறப்பால் ஒன்று என்பதும், ஓட்டத்தின் வேகம் தணிந்தால் பற்றுவதற்கு நீண்ட கையே பழம் சுமக்கும் காம்பாகலாம் என்பதும் இதனால் நிரூபணமாயின.

நித்திய பராமரிப்பில் முதலாவது தண்ணீர். கோடையில் இரண்டு வேளையும் மண் நனைய ஊற்றி, பழம் நிறம் மாறத் தொடங்கியபின் சற்றுக் குறைத்து, கவாத்துக்கு முந்தைய சில நாட்கள் இன்னும் சுருக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை கவாத்துக் காலத்தில் வேரையும் சீவி மண் மாற்றவேண்டும். இலைமேல் வெண்பொடி பூத்தாற்போல் வரும் சாம்பல் நோய்க்குக் நனையும் கந்தகத் தூளை நீரில் கலக்கி, வெயில் கடுமையில்லாத வேளையில் தெளிக்கலாம். மழைக்காலத்தில் இலையின் அடியில் வெண்பூஞ்சை படரும் அடிச்சாம்பல் நோய்க்கு, போர்தோ நகரத்துப் பேராசிரியர் மில்லார்தே 1885-இல் உலகுக்கு அறிவித்த போர்டோ கலவை கைகண்ட மருந்து. வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடாதிருக்கச் சாலையோரக் கொடிகளில் தெளித்த துத்தமும் சுண்ணாம்பும் அக்கொடிகளை நோயிலிருந்தும் காத்ததைக் கண்டு அவர் அதை வகுத்தார். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் அரை லிட்டர் நீரில் 10 கிராம் மயில்துத்தத்தையும், வேறொன்றில் அரை லிட்டர் நீரில் 10 கிராம் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் கலக்கிக்கொண்டே ஊற்றி, அதில் துலக்கிய இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் நிறுத்திப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும், படியாவிட்டால் தெளிக்கலாம். பழம் முதிர்ந்தபின் எந்த மருந்தும் தெளிக்கலாகாது. அப்போது தேவைப்படுவது அணிலுக்கும் பறவைக்கும் எதிராக ஒரு வலைத்துணி மட்டுமே.

மற்ற மரங்களின் போன்சாயில் கனி ஓர் அலங்காரமாக நின்றுவிடலாம். திராட்சையில் கனிதான் கத்தியின் பரீட்சை. வெட்டியது சரியா, வெயில் போதுமா, கொத்தைக் குறைத்த கை தாராளமாகக் குறைத்ததா என்பதையெல்லாம் சித்திரை மாதத்தில் பழுக்கும் அந்த ஒரு கொத்தை வாயில் இட்டாலே தெரிந்துகொள்ளலாம். மாடியில் ஆறு மணி நேர வெயிலும், நாள்தோறும் கால் மணி நேர ஓய்வும் உள்ள எவரும் இதில் இறங்கலாம். நிலமில்லாதவருக்கும் ஒரு பயிரின் முழு வாழ்க்கையை, துளிர் முதல் கனி வரை, அருகிலிருந்து கற்றுக்கொள்ளும் பாக்கியம் இதனால் கிட்டுகிறது. வருகிற கவாத்துப் பருவத்தில் ஒரு பழைய கட்டையைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்; முதலாண்டு அதை அதன் போக்கில் ஓடவிடுங்கள்; கத்தியை அதற்கு அடுத்த ஆண்டு எடுத்தால் போதும்.