ஏழு கேள்விக்குறிகளாகும் முருகன்

புக்கிட் மெர்தாஜாம் போன்ற ஊரில் ஒரு கடையின் வாடிக்கையாளர் பட்டியலில் ரூமி எழுத்து மலாயும் தமிழும் சீனமும் கலந்து வருவது இயல்பு. நிரலைச் சோதிப்பவர் ரூமியில் நாலு பெயரைப் போட்டுப் பார்த்துச் சரி என்று விட்டுவிடுவார். எழுத்துக் குறியாக்கம் பழைய லத்தீன்-1 ஆனாலும் யூடிஎஃப்-8 ஆனாலும் ரூமி எழுத்துக்கு ஒரே பைட், ஒரே எண். முதல் தமிழ்ப் பெயர் ஏறும்போதுதான் பழுது தலைகாட்டும்.

அது இரண்டு விதமாக வரும். 'க' யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்; பதினறும எண்ணில் ஈ0, ஏஈ, 95. இதை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் லத்தீன்-1 என்று எண்ணிப் படித்தால், மேலே சாய்கோடு போட்ட சிறிய 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', ஒரு கரும்புள்ளி என மூன்று குறிகள் தெரியும். வட்டத்துக்குள் 'ஆர்' திரும்பத் திரும்ப வந்தால், அங்கே தமிழ் இருக்கிறது என்று நம்பலாம்.

'முருகன்' ஏழு கேள்விக்குறிகளாக வருவது வேறு நோய். நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடுக்கு உகரக் குறி இரண்டும் புள்ளியும் தனித்தனி, ஆகவே ஏழு. லத்தீன்-1இல் தமிழுக்கு இடமில்லாததால் ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி விழுகிறது.

அவசரப்பட்டுத் தரவுத்தள அட்டவணையை மாற்றவே கூடாது. முதலில் மைஎஸ்கியூஎலின் 'ஹெக்ஸ்' செயற்கூற்றால், உள்ளே கிடக்கும் பைட்டுகளைப் பாருங்கள். ஈ0ஏஈ95 இருந்தால் தரவு நலம்; படிக்கும் இணைப்போ அட்டவணையின் குறியாக்க அமைப்போதான் கோளாறு. கேள்விக்குறியின் எண்ணான 3எஃப் வரிசையாக நின்றால் பெயர் போய்விட்டது; காப்புப்பிரதியிலோ பில் புத்தகத்திலோதான் தேட வேண்டும். ஒரு 'க'வுக்கு ஏழு பைட் இருந்தால் இருமுறை குறியாக்கமாகியிருக்கிறது. இதுதான் அதிகம் ஏமாற்றுவது. தவறான இணைப்பில் எழுதிய பழைய நிரல் அதே இணைப்பில் படிக்கும்போது தமிழ் அழகாகத் தெரியும். சரியாக அமைத்த புதிய நிரலில் கிறுக்கெழுத்து வரும். பழி புதியதன் மேல் விழும். பிரதி எடுத்துக்கொண்டு, லத்தீன்-1க்குத் திருப்பி, வெறும் பைட்டுகளாக்கி, மீண்டும் யூடிஎஃப்-8 என்று படித்தால் பெயர்கள் மீளும்.

மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களோடு தமிழ் கணினிக்கு வந்த நாள்களின் கோப்புகளும் சில இடங்களில் இருக்கும். டிஸ்கி போன்ற எட்டு பிட் குறியாக்கத்தில் இருப்பவற்றுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. குறியாக்க மாற்றி வேண்டும்.

புதிதாகத் தொடங்கினால் அட்டவணை, இணைப்பு இரண்டையும் 'யூடிஎஃப்8எம்பி4' என வையுங்கள். 2018இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 முதல் வழங்கியில் அதுவே இயல்பு. மைஎஸ்கியூஎலின் பழைய 'யூடிஎஃப்8' மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழுக்கு அது போதும். சீனப் பெயர்களில் அரிதாக வரும் சில எழுத்துகளுக்கு நான்கு பைட் தேவை.