பொட்டு வைத்தால் ஓடுமா?

2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி சென்னையில் இருந்தவர்களுக்கு வர்தா புயலை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் தெருவில் சாயங்காலத்துக்குள் பாதி மரங்கள் படுத்துவிட்டன. மின்சாரம் காலையிலேயே போய்விட்டது.

"நமக்கென்ன கவலை, ஜெனரேட்டர் இருக்கிறதே!" என்றார் என் கணவர், சற்றுப் பெருமையாகவே. முந்தின வருஷத்து வெள்ளத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு வாங்கிப் போட்ட சிறிய பெட்ரோல் யந்திரம் அது. கயிற்றைப் பிடித்து அவர் இழுத்தார். மைத்துனர் இழுத்தார். காலேஜில் படிக்கும் பிள்ளையும் இழுத்தான். முப்பது தடவை இழுத்தும் ஒரு செருமல்கூட இல்லை. அன்றிரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் ரசம் சாதம்.

ஐந்தாம் நாள் வந்த மெக்கானிக் தம்பி டாங்கியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"எப்போ ஊத்தின பெட்ரோலுங்கம்மா?"

"வாங்கின அன்றைக்கு ஓட்டிக் காட்டினார்களே, அப்போது..."

"பொட்டு மட்டும் புதுசா இருக்குது!" என்று சிரித்தார். ஆயுத பூஜைக்கு நான் இட்ட சந்தனமும் குங்குமமும் கலையாமல் இருந்தன. பூஜை செய்தேனே தவிர, ஒரு தடவை ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

பெட்ரோல் ஊறுகாய் அல்ல, ஜாடியில் வைத்து வைத்து எடுத்துக் கொள்ள! ஒரு மாதம் போனாலே அதன் சத்து ஆவியாகத் தொடங்கிவிடும். மிஞ்சுவது பிசினாகிக் கார்புரேட்டரில் இருக்கும் ஊசிமுனைத் துவாரத்தை அடைத்துவிடும். இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு கலந்து வருகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஆகையால் வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்து நிறுத்தாதீர்கள். பெட்ரோல் வரும் குழாயின் திருகை மூடிவிட்டு, யந்திரம் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கார்புரேட்டர் காலியாகிவிடும். மாதக்கணக்கில் தொடப் போவதில்லை என்றால் டாங்கியையும் வடித்துவிடுவது உத்தமம். மற்றபடி மாதம் ஒரு முறை, நாலு விளக்கும் இரண்டு விசிறியும் போட்டு, கால் மணி நேரம் ஓட்டினால் போதும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பல யந்திரங்களில் எண்ணெய் குறைந்தால் என்ஜினைக் கிளம்பவே விடாத காவல்காரன் ஒன்று உள்ளே இருக்கிறது. அது தெரியாமல் தோள்பட்டை போகும்வரை கயிற்றை இழுப்பவர்கள் அநேகம் பேர். யந்திரம் சாய்வாக நின்றாலும் அது ஏமாந்துபோகும். சமதரையில் வைத்து, அளவுக் குச்சியைத் துடைத்துப் பாருங்கள். பொதுவாக முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒரு தடவையும், அப்புறம் 100 மணி நேரத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு தடவையும் எண்ணெய் மாற்றச் சொல்வார்கள். உங்கள் யந்திரத்துக்கு என்ன கணக்கு என்பது கூடவே வந்த புத்தகத்தில் இருக்கும். தயவு செய்து அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

புதுப் பெட்ரோல், எண்ணெய், சுவிட்ச், சோக் எல்லாம் சரியாக இருந்தும் கிளம்பவில்லையா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மேல் போய்விட்டது. துடைத்துக் காயவிட்டு மறுபடி இழுக்கலாம். உலர்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. கரி அப்பியிருந்தால் காற்று வடிகட்டி அழுக்கு. அதிலுள்ள ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, துளி எண்ணெய் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். என்ஜின் ஓடுகிறது, மின்சாரம் மட்டும் வரவில்லை என்றால், விழுந்திருக்கும் பிரேக்கரைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஃப்ரிஜ் கிளம்பும்போது ஓடுகிற நேரத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் கேட்கும். அதை முதலில் போட்டு, நிதானமானதும் மற்றதைப் போடுங்கள். கிணற்று மோட்டாரை இந்தச் சின்ன யந்திரத்தின் தலையில் கட்ட வேண்டாம்.

இதெல்லாம் பணத்தோடு போகிற சங்கதி. இனிச் சொல்லப் போவது உயிர் சம்பந்தப்பட்டது.

அந்தப் புயல் வாரத்திலேயே எதிர்வீட்டு மாமி, மழையில் நனையுமே என்று அவர்கள் ஜெனரேட்டரைச் சமையலறைக்குப் பின்னால் தாழ்வாரத்தில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். அரை மணியில் பேத்திக்குத் தலைவலி, குமட்டல். "மத்தியானம் தின்ற வடைதான்" என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார். மாமிக்கும் தலை சுற்றியபோதுதான் அவர் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தது. எல்லாரையும் வாசலுக்கு இழுத்துக் கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது பற்றிக் கொள்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாது. பால்கனியும் ஆகாது, மாடிப்படிக்கு அடியிலும் ஆகாது. ஜன்னல், கதவுகளிலிருந்து 20 அடியாவது தள்ளி, வெட்டவெளியில், புகைக்குழாய் வீட்டுக்கு முதுகைக் காட்டும்படி வையுங்கள். மழைக்கு மேலே கூரை இருக்கலாம். சுற்றிச் சுவர் கூடாது. அப்படி இடமில்லாத பிளாட்டில் இருப்பவர்களுக்கு இன்வெர்ட்டரே மேல்.

இன்னொன்று. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரைச் செய்து, ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் சொருகிவிடும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். மெயினை அணைக்க மறந்தால் அந்த 230 வோல்ட் தெருக் கம்பிக்கு ஏறி, டிரான்ஸ்பார்மரில் திரும்பி 11,000 வோல்ட்டாகப் போகும். அறுந்த கம்பியைச் சரி செய்ய, மின்சாரம் இல்லை என்று நம்பி ஒரு லைன்மேன் அங்கே கம்பத்தின் மேல் இருப்பார். அவரையும் வீட்டில் ஒருத்தி சோற்றைப் போட்டு மூடி வைத்துக் கொண்டு எதிர்பார்த்திருப்பாள். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 'சேஞ்ச் ஓவர்' சுவிட்ச் போட்டுவிடுங்கள். ஒரு பக்கம் திருப்பினால் தெரு மின்சாரம், மறு பக்கம் ஜெனரேட்டர். இரண்டும் சந்திக்க வழியே கிடையாது.

எங்கள் வீட்டு யந்திரம், கார்புரேட்டரைச் சுத்தம் செய்ததும், இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. மின்சாரம் வந்து அப்போது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இப்போதெல்லாம் ஆயுத பூஜையன்று சுண்டல் நைவேத்தியம் ஆனதும், கயிற்றை இழுப்பது நான்தான்.