விருந்தும் நம்பிக்கையும்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை என்பதாகும். முன் அறியாதவர் வாயிலில் வந்து நின்றால் அவரை விருந்து என்றே தமிழர் போற்றினர். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கோவிட் நோய் இதனைத் தலைகீழாக்கிற்று. அறியாதவரே அஞ்சத்தக்கவர் ஆயினர். அறியாதவர் பலர் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து உண்ணும் இடமே உணவகம் அன்றோ?

மலேசியாவில் 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. உணவகத்தில் அமர்ந்து உண்பது நின்றது. பொட்டலம் மட்டுமே கிடைத்தது. பின்னர்த் தளர்வும் தடையும் மாறி மாறி வந்தன. 2022 ஏப்ரல் முதல் நாள் நாடு நோயோடு வாழும் கட்டத்துள் புகுந்தது. உணவகங்களின் நேரக் கட்டுப்பாடும் நீங்கிற்று. ஆயினும், ஆணை நீங்கிய அளவில் அச்சம் நீங்கிவிடாது. வெளியே உண்பதா என்னும் முடிவைப் பல கூறுகள் ஆள்கின்றன.

முதலாவது நம்பிக்கை. இந்நோய் பெரிதும் மூச்சுக்காற்றின் வழிப் பரவுவது. ஆதலின் அடைத்த குளிரறையைவிடக் காற்றோட்டமுள்ள கடையில் இடர் குறைவு. மலாக்கா மாநிலத்துச் சுங்கை ரம்பாய் போன்ற சிற்றூர்களில் பக்கம் திறந்த எளிய கடைக்கு இது ஒரு வலிமை. கிருமியை எவரும் காண்பதில்லை. துடைத்த மேசையும், கைகழுவும் இடமும், பரிமாறுவோர் தூய்மையுமே கண்ணுக்குத் தெரிவன. புகையைக் கொண்டு நெருப்பை உணர்வதுபோல், கண்டதைக் கொண்டு காணாததை மக்கள் அளக்கின்றனர்.

இரண்டாவது பொருள்நிலை. கோழித் தட்டுப்பாட்டால் 2022 சூன் முதல் நாள் மலேசிய அரசு கோழி ஏற்றுமதியைத் தடை செய்தது. இத்தகைய காலத்தில் அச்சம் தெளிந்தவரையும் விலை தடுத்து நிறுத்தும்.

மூன்றாவது குடும்பம். வீட்டில் முதியவரோ நோயாளியோ இருப்பின், இளையவர் தமக்காக அன்றி அவருக்காகவே தயங்குவர். நான்காவது பழக்கம். பொட்டலம் வாங்கி வீட்டில் உண்ணப் பழகியவர்க்கு அதுவே எளிதாகிவிடும்.

இது வணிகர் கவலை மட்டும் அன்று. தோட்டப்புறத்துச் சிற்றூர்களில் தேநீர்க்கடை மேசையே பலர்க்கும் ஊர்ச் செய்தி கேட்கும் இடம். தனித்து வாழும் முதியவர்க்குத் துணை கிடைக்கும் இடம். பொட்டலம் பசியைத் தீர்க்கும், தனிமையைத் தீர்க்காது. ஆதலின் கடையைத் தூய்மையாக வைத்திருப்பவர், அறியாதவரை மீண்டும் விருந்தாக்குகின்றார் எனலாம்.