நூறு மரங்கள், ஒரே மரபு

சிட்னி நகருக்கு வடமேற்கே, வொல்லெமி தேசியப் பூங்காவின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில் 1994ஆம் ஆண்டு டேவிட் நோபிள் என்னும் பூங்கா அலுவலர் கண்ட மரங்கள் தாவரவியலாரை வியப்பில் ஆழ்த்தின. அம்மரக்குடியின் மகரந்தத் துகள்கள் பல கோடி ஆண்டுப் பழமை வாய்ந்த பாறைகளில் முன்பே கிடைத்திருந்தன. உயிருள்ள மரத்தை அறிவியல் உலகம் அதுவரை அறிந்ததில்லை. வொல்லெமியா நோபிலிஸ் எனப் பெயர் பெற்ற அவ்வினத்தில், காட்டில் முதிர்ந்து நிற்பவை நூற்றுக்கும் குறைவு.

எஞ்சியவை எத்தனை என்று எண்ணுவது எளிது. அவை தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைக் கண்ணால் அறிய இயலாது. புதியதோர் நோய் பரவுங்கால் சில மரங்கள் மடிய, வேறு சில தாங்கி நிற்பதற்கு அந்த மரபு வேறுபாடே துணை.

அதனை அளக்கச் சிறிதளவு இலையே போதும். உயிரணுக்களை உடைத்து, புரதங்களை நீக்கி, டி.என்.ஏ. இழையைப் பிரித்தெடுப்பர். அவ்விழையில் இரண்டு மூன்று எழுத்துகள் அடுத்தடுத்துத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. ஒரு மரத்தில் பன்னிரு முறை வரும் தொடர் மற்றொன்றில் பதினைந்து முறை வரலாம். தலைமுறைகள் பெருகப் பெருக இவ்விடங்களில் மாற்றம் எளிதில் நேர்வதால், ஓரினத்து மரங்களைத் தனித்தனியே அடையாளங்காண இவை சிறந்த சான்றாகின்றன.

வொல்லெமியாவில் இத்தகைய 20 இடங்களையும், வேறொரு முறையால் 800க்கும் மேற்பட்ட இடங்களையும் ஆராய்ந்த முடிவு 2003இல் வெளியாயிற்று. மரத்துக்கு மரம் ஒரு வேறுபாடும் தென்படவில்லை! முறையிலேயே பிழையோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. உறவினமாகிய அராக்கேரியா கன்னிங்கமியை அதே முறையில் ஆராய்ந்தபோதோ வேறுபாடுகள் வெளிப்பட்டன. பின்னாளில் வொல்லெமியாவின் முழு மரபுத்தொகுதியும் படிக்கப்பட்டது. மனித மரபுத்தொகுதியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு, 1,200 கோடி எழுத்துகள் கொண்ட அப்பெருநூலிலும் மரங்களிடையே காணப்பட்ட வேறுபாடு மிகமிகச் சிறிதே.

தாசுமேனியாவின் லொமாட்டியா தாசுமானிக்கா என்னும் செடியின் நிலை இதனினும் கடியது. சில நூறு தண்டுகள் தனிச்செடிகளெனத் தோன்றினும், அவை யாவும் ஒரே செடியின் படிகள். மும்மடிக் குரோமோசோம் தொகுதி கொண்டதாகையால் அது விதை ஈனுவதில்லை. வேர்வழியே முளைத்துப் பரவுகிறது. அங்கே கலப்பினப் பெருக்கத்தால் மரபு வளம் கூட்ட வழியே இல்லை.

இவ்வறிவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. வேரழுகச் செய்யும் ஃபைட்டாப்தோரா என்னும் நுண்ணுயிரி 2005இல் வொல்லெமியா வளரும் காட்டிலேயே கண்டறியப்பட்டது. மரபு ஒன்றாயிருப்பதால் ஒரு மரத்தை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தக்கூடும். ஆகவேதான் அப்பள்ளத்தாக்கின் இருப்பிடத்தை அரசு மறைவாகக் காக்கிறது. உள்ளே செல்வோர் காலணிகளை நுண்ணுயிர் நீக்கித் தூய்மை செய்கின்றனர். தாவரவியல் பூங்காக்களிலோ, காட்டு மரங்களுள் ஒன்றிரண்டிலிருந்து மட்டும் கன்றுகளைப் பெருக்காமல், எஞ்சிய அச்சிறு வேறுபாடும் விடுபடாதவாறு பல தாய்மரங்களின் துண்டுகளை வேரூன்றச் செய்து, கன்றுகளைப் பல நாடுகளுக்குப் பகிர்ந்தளித்து வருகின்றனர்.